ஹைக்கலின் சொரியாசிஸ்

ஆசிரியர் குடியிருப்பு, காப்பிட், சரவாக்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள காமினிக்கு,

நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளை காணாமல் போய்விட்டார் என்று உங்கள் வீட்டில் பேசிக்கொள்வதாக என் தங்கை நவமணி எழுதியிருந்தாள். நான் காணாமல் போகவில்லை. ஜனவரி வெள்ளத்தில் எங்கள் போன் டவர்தான் சாய்ந்துவிட்டது. சரிசெய்ய ஆள் வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் தினமும் சொல்கிறார். அவருக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. படகில் காப்பிட் டவுனுக்குப் போனால் லைன் கிடைக்கும். ஆனால் பாசார் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று கத்த எனக்குக் கூச்சம். அதனால் கடிதம்.

நான் தமிழில் கடைசியாக எழுதிய கடிதம் பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், வயிற்றுவலிக்கு விடுமுறை கேட்டு. பழக்க தோஷத்தில் "தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்" என்று முடித்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயம். ஒன்று, நலுங்கு. ஜூன் எட்டாம் தேதி கல்யாணம், ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் எனக்கு நலுங்கு என்று அம்மா முடிவு செய்துவிட்டார். சட்டையைக் கழற்றி உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக வந்து மாரிலும் முதுகிலும் மஞ்சள் பூசுவது இந்தக் காலத்தில் தேவைதானா? பெண் வீட்டில் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் வீட்டிலும் விட்டுவிடுவார்கள். நீங்கள் சொல்லிப் பார்க்க முடியுமா?

இரண்டாவது, என்னோடு தங்கியிருக்கும் ஆசிரியர் ஹைக்கல். கெடா மாநிலத்துக்காரர், விளையாட்டுப் பாடம் எடுக்கிறார், நல்ல மனிதர். அவருக்குச் சொரியாசிஸ். முதுகிலும் முழங்கையிலும். நீங்கள் தோல் செல்லில் மூலிகைகளைச் சோதித்து ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று சொன்னேன். உங்கள் மூலிகைகளில் அவருக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
மோகனராஜ்

*

ஆயர் ஈத்தாம், பினாங்கு
1 மார்ச் 2025

அன்புள்ள மோகன்,

கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கியது அப்பா. வாங்கியவர் சும்மா இருப்பாரா? கீழே கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த எல்லாரிடமும் "மாப்ள லெட்டர் போட்டிருக்காரு லா" என்று காட்டிவிட்டுத்தான் மேலே கொண்டுவந்தார். கீழ்ப்படிந்துள்ள மாணவன் என்றே முடித்திருக்கலாம். பிரேம் போட்டு மாட்டியிருப்பேன்.

முதலில் ஹைக்கல். என் வேலையைப் பற்றி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் "அவ லேப்ல ஏதோ பண்றா" என்பதோடு சரி. அதனால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தோலின் மேலடுக்கில் இருக்கும் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன். அவற்றுக்குச் சூடும் சாப்பாடும் சரியாக இருக்க வேண்டும், கொஞ்சம் தவறினாலும் கோபித்துக்கொள்ளும். வளர்ந்ததும் அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தை ஊற்றுவேன். உடனே செல்கள் "ஆபத்து, ஆபத்து" என்று சைகை அனுப்ப ஆரம்பித்துவிடும். சொரியாசிஸ் வந்த தோலில் இந்த அலறல் நிற்பதே இல்லை. அலறலைக் கேட்டு ரத்தத்திலிருந்து பாதுகாப்புச் செல்கள் ஓடிவரும், தோல் சிவக்கும், தடிக்கும், புதுத் தோல் அவசர அவசரமாக வளர்ந்து செதில் செதிலாக உதிரும். அந்த அலறலை அடக்கும் பொருள் செடிகளில் இருக்கிறதா என்று தேடுவதுதான் என் வேலை. வல்லாரையில் பார்த்தேன், சுமார்தான். மஞ்சளில் இருக்கும் குர்குமின்தான் என் செல்லப்பிள்ளை. போன வாரம் அதை ஊற்றினேன். அளவைக் கூட்டக் கூட்ட அலறல் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சாயம் ஊற்றுவோம். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக்கும். தட்டில் இருந்த எல்லாக் குழியும் ஊதா. நான் லேபிலேயே ஒரு சுற்று ஆடிவிட்டேன். டாக்டர் ஷாஹிரா, என் மேற்பார்வையாளர், கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஹைக்கலுக்கு முழங்கையில் என்றீர்களே, வலது கையா, இடது கையா? வெயில் பட்டால் குறைகிறதா? கிளினிக்கில் என்ன களிம்பு கொடுத்திருக்கிறார்கள்? எல்லாவற்றையும் விசாரித்து எழுதுங்கள். மணமில்லாத ஈரக்களிம்பு ஒரு டப்பா அவர் பெயருக்கே அனுப்புகிறேன். தோலைக் காயவிடக் கூடாது என்று சொல்லுங்கள்.

நலுங்கு விஷயத்தில் நான் என்ன சொல்லட்டும்? அம்மா எனக்கு நலுங்குக்கென்றே மஞ்சள் நிறத்தில் சேலை எடுத்துவிட்டார். உங்களுக்கு ஏன் வேண்டாம் என்ற காரணத்தை நீங்கள் எழுதினால் நான் பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
காமினி

*

காப்பிட்
16 மார்ச் 2025

அன்புள்ள காமினிக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தோல் செல் கோபித்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மனப்பாடமாகவே சொல்வேன். உங்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் போனதில் எனக்கு வருத்தம்.

ஹைக்கலுக்கு இடது கையில்தான் அதிகம். வெயில் பட்டால் குறையும், ஆனால் சட்டையைக் கழற்றி வெயிலில் நிற்க அவருக்குத் தயக்கம். ஆசிரியரைப் பிள்ளைகள் பார்ப்பார்கள் அல்லவா. நீங்கள் எழுதியதைப் படித்ததும் கிளினிக் களிம்பை அன்றே நிறுத்திவிட்டார். இங்கே நீளவீடுகளில் கூட்டாகக் குடியிருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாரும் தோட்டத்தில் மஞ்சள் போட்டிருக்கிறார்கள். பச்சை மஞ்சளை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயில் குழைத்துக் காலையும் மாலையும் பூசிக்கொள்கிறார். அளவைக் கூட்டக் கூட்ட அலறல் குறையும் என்று எழுதியிருந்தீர்களே, அதனால் தடிப்பாகவே பூசுகிறார். முதுகுக்குத்தான் கை எட்டாது. ரூலரில் துணி சுற்றித் தேய்த்துக்கொள்கிறார்.

பத்து நாளாக நல்ல எரிச்சல். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா? பழைய இடங்கள் பெரிதாகிவிட்டன, தொடையில் புதிதாகக் கொஞ்சம் வந்திருக்கிறது. எழுந்திருக்கும்போது பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் ஊற்றி நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. குணமாவதற்கு முன்னால் ஒருமுறை கிளம்பி அடங்கும் என்று நினைக்கிறேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். ஜூனுக்குள் சரியாகிவிடுமா என்று கேட்கிறார். ஜூனில் அவருக்கு ஒரு விசேஷம் இருக்கிறது.

நலுங்கு வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெறும் கூச்சம்தான்.

அன்புடன்,
மோகனராஜ்

*

ஆயர் ஈத்தாம்
18 மார்ச் 2025

அன்புள்ள மோகன்,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், சொல்வதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

லேப் கூட்டத்தில் என் குர்குமின் படங்களை எல்லாம் போட்டுக் காட்டினேன். டாக்டர் ஷாஹிரா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காமினி, செல்லே இல்லாத குழியில மஞ்சளையும் சாயத்தையும் மட்டும் ஊத்திப் பாத்தியா?" நான் பார்க்கவில்லை. மத்தியானம் போய் ஊற்றினேன். செல்லே இல்லாத குழி, மோகன். ஊதா நிறமாகிவிட்டது.

அதாவது, சாயத்தை ஊதாவாக்கியது உயிருள்ள செல் அல்ல, குர்குமினே. சாயம் ஊற்றும் முன் அதைக் கழுவி எடுத்திருக்க வேண்டும். நான் கழுவவில்லை, அவசரம். அப்புறம் வேறு வழியில், நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணினேன். அதிக அளவு ஊற்றிய தட்டில் செல்கள் பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. அலறல் நின்றது ஆறியதால் இல்லை. செத்தது எப்படி அலறும்? நான் அதைப் பார்த்துத்தான் ஆடியிருக்கிறேன்.

ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் போயிற்று. அது போகட்டும். ஹைக்கலிடம் என் பேச்சை நம்பி எதையும் பூசிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மஞ்சளைப் பூசச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். தட்டு வேறு, மனுஷன் வேறு என்று அந்தக் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

காமினி

*

ஆயர் ஈத்தாம்
26 மார்ச் 2025

மோகன்,

உங்கள் 16ஆம் தேதிக் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. நவமணிக்கும் போன் செய்தேன், உங்களைப் பிடிக்க அவளுக்கும் வழி தெரியவில்லை. பள்ளி அலுவலகத்துக்கு ஒரு தந்தி அடிக்கலாமா என்று அப்பா கேட்கிறார், பாவம், அது எப்போதோ நின்றுபோயிற்று. ஆகையால் எக்ஸ்பிரஸ் தபாலில் இது.

மஞ்சளை நிறுத்துங்கள். இன்றே. எரிச்சல் என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை, தோல் புண்ணாகிறது என்று அர்த்தம். கிளினிக் களிம்பைத் திடீரென்று விட்டால் நோய் முன்பைவிடப் பலமாகத் திரும்பும். அந்தக் களிம்பைப் பூசுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதே அதுதான், நான் சொல்லவில்லை. அடுத்த படகில் காப்பிட் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் வந்தாலோ, உடம்பு முழுக்கச் சிவந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

ஹைக்கலிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும், மோகன். நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டு வாங்கும்போது உங்கள் சட்டைக் கை மேலே ஏறியது. இடது முழங்கை. நாள் முழுக்கத் தோல் படங்களையே பார்க்கிறவளுக்கு அது என்னவென்று தெரியாதா? புழுக்கத்தில் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் முழுக்கைச் சட்டையின் பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டீர்கள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கடிதத்தில் ஹைக்கல் வந்தார். சரி, ஹைக்கல் வழியாகவாவது பேசட்டும் என்று நானும் விளையாடினேன். வலது கையா இடது கையா என்று கேட்டேனே, அதெல்லாம் அந்த விளையாட்டுத்தான். நேராகக் கேட்டிருந்தால் நீங்கள் பூசுவதற்கு முன்னால் தடுத்திருப்பேன். உங்கள் முதுகு புண்ணானதற்கு நானும் காரணம். இதை எழுதும்போது எனக்கு அழுகைதான் வருகிறது.

டாக்டரைப் பார்த்தேன் என்று ஒரு வரி போடுங்கள்.

காமினி

*

ஆயர் ஈத்தாம்
21 ஏப்ரல் 2025

மோகன்,

ஒரு வரி கேட்டேன். இன்னும் வரவில்லை.

"அண்ணே ஆஸ்பத்திரி போயிட்டு வந்துட்டாராம் அண்ணி, டவுன்லேருந்து மெசேஜ் போட்டாரு" என்று நவமணி சொன்னாள். உடம்பு விஷயத்தில் எனக்கு நிம்மதி. ஆனால் டவுன் வரை போய், தங்கைக்கு மெசேஜ் போட்டு, எனக்குப் போடாமல் திரும்பியிருக்கிறீர்கள். என் மேல் கோபம். நியாயம்தான்.

சிலர் சொல்வார்கள், பதில் வரவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று. நான் இனிமேல் அதை நம்புவதாக இல்லை. சத்தம் நின்றுபோனதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு ஒரு தடவை ஆடிப் பார்த்தாயிற்று. திட்டியாவது எழுதுங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். உங்கள் கடிதம் வரட்டும் என்று நான் நாளைக் கடத்துகிறேன்.

காமினி

*

காப்பிட்
27 ஏப்ரல் 2025

காமினிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். நீங்கள் கேட்ட வரி இதுதான், ஒரு மாதம் தாமதமாக. இளம் டாக்டர், மஞ்சள் கறை படிந்த என் முதுகைப் பார்த்துவிட்டு "சிகு, இது என்ன, வாத்தியார் முதுகைக் கறிக்குத் தயார் பண்ணினீங்களா?" என்று மலாயில் கேட்டார். வேறு களிம்பு, ஒரு வாரத்துக்கு மாத்திரை. புண் ஆறிவிட்டது. பழைய நோய் பழைய இடத்தில் இருக்கிறது. அது போகாது, அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான் என்று தெளிவாகச் சொன்னார். யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். அது எனக்குப் பதினேழு வயதிலிருந்தே தெரியும். மற்றவர்களுக்குத்தான் தெரியாது.

கோபம்தான். மறைக்கவில்லை. தெரிந்துகொண்டே ஹைக்கல், ஹைக்கல் என்று எழுதினீர்களே, எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும். ஒரு வேடத்தைப் போட்டுக்கொண்டு நான் ஆட, நீங்கள் திரைக்குள்ளே என்னைப் பார்த்துக்கொண்டே கைதட்டியிருக்கிறீர்கள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாசேக் கெலுகோரில் ஒரு பெண் பார்த்தோம். நான் நேர்மையாகச் சொன்னேன், சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். பெண்ணின் அப்பா நல்லபடியாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார்கள். நாங்கள் படி இறங்கிக் காரில் ஏறும்போது நான் குடித்த கப்பை அவர்கள் குப்பைத் தொட்டியில் போட்டதை அம்மா பார்த்துவிட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கப்பை அம்மா பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். முழங்கையைப் பார்த்த பிறகுதானே சரி என்றீர்கள். பாவம் பார்த்துச் சரி சொன்னீர்களா? அல்லது நாள் முழுக்கத் தட்டில் பார்க்கிற நோயை வீட்டிலும் வைத்துப் பார்க்கலாம் என்றா? இரண்டில் எதுவாக இருந்தாலும் பத்திரிகை அடிக்க வேண்டாம். உங்கள் அப்பாவிடம் நானே பேசுகிறேன், உங்கள் மேல் ஒரு சொல் வராது.

மோகனராஜ்

பி.கு. உங்கள் டப்பா வந்துவிட்டது. ஹைக்கல் என்று பெயர் எழுதியிருந்ததால் அலுவலகத்தில் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். குதிகால் வெடிப்புக்குப் போட்டுக்கொள்கிறார். ரொம்ப மிருதுவாக இருக்கிறதாம், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். பெண்ணுக்கு என் குதிகாலைப் பற்றி எப்படித் தெரியும் என்றுதான் அவருக்கு இன்னும் புரியவில்லை.

*

ஆயர் ஈத்தாம்
8 மே 2025

மோகன்,

பின்குறிப்பைப் படித்துச் சிரித்தேன், மேலே இருப்பதைப் படித்து அழுதேன். இரண்டையும் ஒரே தாளில் அனுப்புகிற ஆளை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

மழுப்பாமல் பதில்.

பெண் பார்ப்பதும் நிச்சயமும் ஒன்றாக வைத்த அந்த நாளில் எங்கள் புளோக்கில் லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. ஒன்பதாவது மாடி. உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலையோடு படியில் ஆங்காங்கே உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் சீர்த்தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே என் அப்பாவிடம், "மாமா, புடிக்கலன்னாலும் இன்னைக்கே சொல்லிறாதீங்க, திரும்பி எறங்க தெம்பு இல்ல" என்றீர்கள். நான் அறைக்குள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன், அம்மா தொடையில் கிள்ளினார். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. முழங்கையைப் பார்த்தது அரைமணி நேரம் கழித்து. சிரிப்பு முதலில், முழங்கை பிறகு. நீங்கள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

முழங்கையைப் பார்த்ததும் ஒன்றுமே தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோன்றியது. இவர் தோல் எந்நேரமும் அலறிக்கொண்டிருக்குமே, அதை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கவைக்கிறார் என்று தோன்றியது. நாலு வருஷமாக நான் தோலோடு இருக்கிறேன். ஆனால் தட்டில் இருக்கிற தோலுக்கு அரிக்காது. பனியன் ஒட்டாது. யாரும் அது குடித்த கப்பைத் தூக்கிப் போட மாட்டார்கள். அந்தப் பக்கம் எனக்குத் தெரியாமலேயே நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். பாவம் பார்த்திருந்தால் உங்களிடம் விளையாடியிருப்பேனா? பாவப்பட்டவர்களிடம் மரியாதையாக அல்லவா நடந்துகொள்வோம்.

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். என் வேலையைக் கேட்கிற ஒரே மனிதர் நீங்கள் என்று துள்ளினேன். நீங்கள் கேட்டது உங்கள் முதுகுக்காக. சரி, பரவாயில்லை. ஆனால் இனிமேல் சும்மாவும் கேட்க வேண்டும்.

சும்மாவே கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்: எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன், இந்தமுறை கழுவி, எண்ணி. குறைந்த அளவில் குர்குமின் நிஜமாகவே அலறலைக் கொஞ்சம் தணிக்கிறது, செல்லும் சாகவில்லை. கொஞ்சம்தான். அதுவும் மேல்தோலைத் தாண்டி உள்ளே போக அதற்குத் தெரியாது. ஆட்டம் போடுகிற அளவுக்கு இல்லை, ஆனால் உண்மை.

நலுங்கை நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்துகிறேன். சட்டையோடு உட்கார்ந்தாலும் யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்கிறேன். புண்பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் படக் கூடாது. என் அம்மா அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் உடம்பு, யாரிடம் எப்போது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகையை அடிக்கக் கொடுத்தாயிற்று. அதை நான் முடிவு செய்தேன்.

காமினி

*

பைராம் தோட்டம், நிபோங் திபால்
7 ஜூன் 2025

அன்புள்ள காமினி,

இப்போது கையில் போன் இருக்கிறது, லைனும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பேசக் கூடாது என்று அம்மாவும் சொல்கிறார். ஆனால் அதற்காக எழுதவில்லை. உங்களிடம் எழுதித்தான் பழக்கம், பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நவமணி சீர் சாமான் கொண்டுவருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரமே உங்கள் அப்பாவைத் தனியாகப் பார்த்தேன். சொல்லியிருப்பார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, நாசி கண்டார் சாப்புடலாமா, இல்ல அதுக்கும் பத்தியமா?" என்றார். கடையில் சோற்றோடு ஒரே தட்டு கருவாட்டுக் குழம்பை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

அம்மாவிடமும் நேராகச் சொன்னேன், முதுகெல்லாம் இருக்கிறது என்று. "நீ லீவுல வந்தா தொவைக்கிறது யாரு? நாந்தான. பனியன்ல ரத்தம் பட்டா எனக்குத் தெரியாதா? நீயா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். நீங்கள் இருவரும் நன்றாக ஒத்துப்போவீர்கள்.

நேற்று நலுங்கு. வீட்டு முன்னால் கேனோபிப் பந்தல் போட்டு, தோட்டத்தில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். சட்டையோடு உட்காரலாம் என்றுதான் வெளியே வந்தேன். மணையில் உட்காரும்போது என்ன தோன்றியதோ, பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தேன். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு போன் கீழே இறங்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன், காமினி, உங்களிடம் சொல்வதற்கென்ன.

முதலில் மஞ்சள் வைக்க வேண்டியது என் சின்னம்மா. கிண்ணத்தோடு வந்து நின்றார். என் முதுகை ஒருதரம் சுற்றிவந்து பார்த்தார். முன்னால் வந்து குனிந்து, "எங்கடா வெக்கட்டும்? எங்க எரியாது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நெற்றி, கன்னம், வலது தோள், பாதம் என்று காட்டினேன். அங்கே மட்டும் வைத்தார். அடுத்து வந்த அத்தையும் அதையே கேட்டார். அதற்கப்புறம் கேட்பதே சடங்காகிவிட்டது. ஒரு பெரியப்பா மட்டும் தள்ளி நின்று, "இது ஒட்டுமா?" என்றார். சின்னம்மா திரும்பிப் பார்த்து, "ஒட்டாது லா. ஒட்டறதா இருந்தா இவன் துணி தொவைக்கிற எங்க அக்காவுக்கு ஒட்டியிருக்காதா? வாங்க, வந்து கைய நீட்டுங்க" என்றார். அவரும் வந்தார். வலது தோளில் வைத்தார்.

எந்த இடத்திலும் எரியவில்லை. நாளைக்கு மண்டபத்தில் பார்க்கலாம்.

உங்கள்
மோகன்

*

ஆயர் ஈத்தாம்
7 ஜூன் 2025

மோகன்,

நவமணி கீழே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு ஹார்ன் அடிக்கிறாள். எனக்கு இரண்டு கையும் மருதாணி, இதை விரல் நுனியால் எழுதுகிறேன், கறை பட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

எரியாத இடமெல்லாம் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இருக்கட்டும். எரிகிற இடத்தை எனக்கு விட்டுவிடுங்கள். டாக்டர் கொடுத்த களிம்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அந்த ரூலரைத் தூக்கிப் போடுங்கள். முதுகுக்கு உங்கள் கை எட்டாது. என் கை எட்டும்.

காமினி